ஒரே பாளத்து மோதிரங்கள்

துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை உண்டு. அந்த அறைக்குள் பதினெட்டு வருடம் உட்கார்ந்து எடைச் சீட்டு அடித்துக் கொடுத்த அமலோற்பவம், தன் நாற்பத்தாறாவது வயதில், ஒருவரிடமும் சொல்லாமல், உலோகத்தில் மரத்தின் வரிகளை வரவழைக்கும் ஜப்பானியக் கைவேலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். சொல்லாமல் என்றால் ரகசியம் என்று அர்த்தமில்லை. சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் மஸ்கட்டில் இருந்தான், கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசுவான். லாரி ஓட்டுநர்கள் கண்ணாடியில் இருந்த அரைவட்டத் துளையில் கையை விட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள், முகத்தைப் பார்க்கக் குனிய மாட்டார்கள்.

துருப்பிடித்த பூட்டைத் திறப்பது எப்படி என்று ஒரு மதியம் அவள் ஃபோனில் தேடியபோது, ஃபோன் தானாக வேறொரு வீடியோவைக் காட்டியது. இரண்டு கைகள். ஜப்பானில் ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண்ணின் கைகள். பன்னிரண்டு பாடங்களிலும் அந்தப் பெண்ணின் முகம் வரவே இல்லை, பேச்சும் குறைவு. செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் தீப்பெட்டி அளவில் வெட்டி, மாற்றி மாற்றி அடுக்கி, இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே இறுக்கிக் கரி உலையில் வைத்தன அந்தக் கைகள். ஒரு குறிப்பிட்ட நொடியில் அடுக்கின் விளிம்பு முழுக்க வியர்த்தது போல மினுங்கியது. அந்த நொடியில் வெளியே எடுத்துவிட வேண்டும். முந்தினால் தகடுகள் ஒட்டாது, பிந்தினால் எல்லாம் உருகி ஒரே கட்டியாகிவிடும். ஒட்டவும் வேண்டும், ஒன்றாகிவிடவும் கூடாது. ஒட்டிய பாளத்தை அடித்து நீட்டி, முறுக்கி, குடைந்து, மறுபடி தட்டையாக்கினால், உள்ளே கிடந்த அடுக்குகள் மேலே வந்து தேக்குப் பலகையின் வரிகளாகத் தெரியும். மொகுமே கானே என்று அதற்குப் பெயர். மரக்கண் உலோகம் என்று அமலோற்பவம் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாய்மரத் தெருவில் அவள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில், ஒரு பழைய எண்ணெய் டிரம்மை அறுத்து உலை செய்து, ஊதுவதற்கு ஒரு சின்ன மோட்டாரை மாட்டி, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பிப்பாள். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரி ரெஜினா, துணி எடுக்க மாடிக்கு வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏ அமலா, என்னத்தப் போட்டுப் பொசுக்குத? என் சேலையெல்லாம் கரி."

"செம்பையும் வெள்ளியையும் ஒட்டப் பாக்கேன் அக்கா."

"அதுக்கு எதுக்கு இந்தப் பாடு? கடையில பசை விக்காம்லா."

பதினோரு தடவை தோற்றாள். சில தடவை தகடுகள் அவித்த வெங்காயம் போல உரிந்து வந்தன, சில தடவை உருகி உருண்டையாகிவிட்டன. தகட்டில் ஒரே ஒரு விரல்ரேகையின் எண்ணெய்ப் பசை இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது என்று ஏழாவது பாடத்தில் எழுத்து ஓடியது. அதனால் பன்னிரண்டாவது தடவை தகடுகளைச் சாம்பலால் தேய்த்து, இடுக்கியால் மட்டுமே தூக்கி, மூச்சுக்கூடப் படாமல் அடுக்கினாள். விளிம்பு வியர்த்தது. எடுத்தாள். ஆறிய பிறகு சுத்தியலால் தட்டியபோது, பத்தொன்பது தகடும் ஒரே குரலில் சத்தம் கொடுத்தன.

அதை அடித்துக் கம்பியாக்கி, முறுக்கி, நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் பிளந்து விரித்து இரண்டு மோதிரம் செய்தாள். ஜப்பானியப் பெண்ணின் கைகள் செய்தது போலவே முள்ளங்கியைத் துருவி அந்தச் சாற்றில் முக்கி, மயில்துத்தம் கரைத்த வெந்நீரில் போட்டாள். செம்பு கருப்பட்டி நிறத்துக்குப் போனது, வெள்ளி வெள்ளியாகவே நின்றது. சின்னது அவளுடைய இடது மோதிர விரலுக்குச் சரியாக இருந்தது. பெரியதை மாதா கோயில் திருவிழாவில் பங்குப் பெண்கள் சங்கம் போட்ட கடையில் வைத்தாள். அவள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அது போய்விட்டது.

"யாருக்கா வாங்குனா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் கடையில் நின்ற ரெஜினா. "தேர் நேரம். கூட்டத்துக்குள்ளேருந்து ஒரு கை நீண்டுது. குடுத்தேன்."

அது விற்ற எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, அமலோற்பவம் எடைச் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, மோதிரத்துக்குக் கீழே அவளுடைய விரல் நனைந்தது. துடைத்துப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் குளிர்ந்த தண்ணீர் விரலைச் சுற்றி ஓடியது. தண்ணீருக்குள் மணல் மாதிரி ஏதோ நழுவியது, யாரோ அதை அளைந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆவி பட்டது. ஒரு தடித்த கட்டையை விரல் வளைந்து பிடித்தது, கட்டை பெரிய வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு வழவழப்பான, வெதுவெதுப்பான உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கைக்குள் வந்து, புரண்டு, போயின. நூறுக்கு மேல் இருக்கும்.

சாயங்காலம் குழாயடியில் இதை ரெஜினாவிடம் சொன்னாள். ரெஜினா குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே பாளத்துல வெட்டுனதுன்னா அப்பிடித்தான இருக்கும்? ரெட்டப் புள்ளையள்ல ஒண்ணுக்குக் காச்சல்னா மத்ததுக்கும் உடம்பு சுடும்லா."

வெள்ளிக்கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. முப்பது வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றிருந்த தஸ்நேவிஸ் அண்ணன், மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு, கண்ணை மூடி யோசித்து, தீர்ப்புச் சொன்னார். மணலும் தண்ணீரும் என்றால் கடல். பெரிய வட்டமாகச் சுற்றும் கட்டை என்றால் சுக்கான் சக்கரம். ஆவி என்றால் இயந்திர அறை. ஆகவே மோதிரம் ஒரு கப்பல்காரர் கையில் இருக்கிறது.

"அந்த உருண்டைகளு?" என்றாள் அமலோற்பவம். "எனக்கு என்னமோ அவிச்ச முட்டை மாதிரி இருக்கு அண்ணே."

"முட்டையா? கப்பல்ல நின்னுக்கிட்டு முட்டையா உரிப்பாவ? அது முத்து."

"அவ்வளவு பெருசாவா?"

"ஆழத்துல உண்டு," என்றார் தஸ்நேவிஸ்.

அன்றிலிருந்து அந்தக் கப்பல்காரர் தெருவின் மனிதரானார். பெயர் இல்லாததால் 'அவர்' என்றே சொன்னார்கள். பெண்கள் உலை வைக்கும்போது எடை அறைக்கு ஃபோன் போட்டு, "அமலா, அவரு வேலைய ஆரம்பிச்சிட்டாராட்டி?" என்று கேட்டுவிட்டு அரிசி போட்டார்கள். கடலுக்குப் போன ஆட்கள் திரும்பத் தாமதமானால், அவர் கை ஈரமா காய்ந்திருக்கிறதா என்று கேட்டு அதை வைத்து மனசைத் தேற்றிக்கொண்டார்கள். சனி ஞாயிறில் அவர் கடல் வேலை பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் அவருடைய பக்தியை மெச்சினார்கள். கோயில் உபதேசியார் தெரு ஜெபத்தில், முகம் அறியாத நம் சகோதரருக்காக என்று ஒரு வரி சேர்த்தார். கல்யாணத் தரகர் லூர்து மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, அவருக்கு வயது என்ன இருக்கும், தோல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அமலோற்பவத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

துணி எடுக்க வரும் ரெஜினாவைத் தவிர வருடக்கணக்காக யாரும் ஏறாத மாடிப்படியில் இப்போது ஓயாமல் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர்கள் அவரைப் பற்றிக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒருநாள் சுத்தியல் நழுவி அமலோற்பவத்தின் இடது கட்டைவிரலில் விழுந்து நகம் நாவற்பழம் போல ஆகியிருந்தது. அன்றைக்கு ஏழு பேர் வந்து அதே கையின் மோதிர விரலைக் குனிந்து பார்த்தார்கள். அந்நிய ஆம்பளையின் கை என்ற மரியாதையில் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். நகத்தை யாரும் பார்க்கவில்லை. ஏழாவது ஆள் போன பிறகு அவள் தானே அந்த நகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு, அடுத்த பாளத்துக்குத் தகடு வெட்ட உட்கார்ந்தாள். வெட்ட வரவில்லை.

ஆனாலும் அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. கண்ணாடி அறையில், லாரிகளின் புழுதிக்கு நடுவில், காலை பத்து மணியானால் விரல் நனையும் என்று தெரிந்திருப்பது ஒரு துணையாக இருந்தது. சில மதியங்களில் அந்தக் கை எதையோ தேய்த்துத் தேய்த்துக் கழுவும்போது, அது களைத்திருப்பது அவளுக்குத் தெரியும். அதை மட்டும் அவள் தெருவுக்குச் சொல்லவில்லை.

அக்டோபரில் மழை பிடித்த வாரம் அது நடந்தது. மாலை ஆறரை மணி இருக்கும். ஒரு கை வந்து மோதிர விரலை முழுதாகப் பொத்திப் பிடித்தது. தேய்க்கவில்லை, அசைக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தது, ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கும் நேரம் வரைக்கும். மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

"பொண்டாட்டி!" என்று கத்தினாள் ரெஜினா. "கப்பல்காரரு வீட்டுக்கு வந்திருக்காவ. பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா!"

தெரு சந்தோஷப்பட்டது. யாரோ பூந்தி வாங்கிக் கொடுத்தார்கள். லூர்து நோட்டைக் கிழித்துப் போட்டார். அமலோற்பவம் ஒரு பூந்தியை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள், எல்லாரும் இறங்கிய பிறகு மோதிரத்தைக் கழற்றி, பற்றவைக்க வாங்கிய வெண்காரம் வைத்திருந்த டப்பாவுக்குள் போட்டு மூடினாள். இன்னொருத்தியின் புருசன் கை. அதைத் தன் விரலில் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை காத்திருந்தோமே என்று நினைத்தபோது, ஆளில்லாத வீட்டிலும் அவளுக்கு முகம் சுட்டது.

தெருக்காரர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் கதவைத் தட்டினார்கள்.

"நீ கழட்டி வச்சிட்டா நாங்க என்ன செய்யதுட்டி?" என்றாள் ரெஜினா. "அவரு எப்பிடி இருக்காவன்னு தெரியாம சோறு எறங்குமா?"

"எனக்கு விரல் வலிக்கு அக்கா."

ஒன்பது நாள் டப்பாவுக்குள்ளேயே இருந்தது மோதிரம். ஒன்பதாம் நாள் ஒரு லாரிக்காரர், "சீட்டுல மை தெரியல," என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அறையைப் பூட்டும்போதுதான், அன்று முழுக்கத் தன்னிடம் ஒரு மனித வாய் பேசியது அந்த ஒன்று மட்டும்தான் என்று அமலோற்பவத்துக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து மோதிரத்தை எடுத்துப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் அந்தக் கை வந்து விரலைப் பிடித்தது. வலிக்கும்படி பிடித்தது. நடுங்கிக்கொண்டே பிடித்தது. புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் ஏதோ சண்டை வந்து இப்போதுதான் தீர்ந்திருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள். அப்புறம் கழற்றவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு புதன்கிழமை, சுருக்கென்று கத்தி பட்டது போல இருந்தது. சின்ன வெட்டுத்தான். ஆனால் மூன்றாம் நாள் அந்த விரல் சுட்டது. ஐந்தாம் நாள் மோதிரம் இறுகி, உள்ளே ரத்தம் திண்டு திண்டு என்று அடித்தது. ஆறாம் நாள் தண்ணீரும் இல்லை, கட்டையும் இல்லை, உருண்டைகளும் இல்லை. கீழே ஒரு முரட்டுத் துணி. துணிமேல் அசையாமல் கிடந்தது கை.

தஸ்நேவிஸ் அண்ணன் இதைக் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அமலோற்பவம் அம்மா போன பிறகு முதன்முறையாக லீவு எழுதிக் கொடுத்தாள். அன்று மாலை ஆறரை ஆயிற்று, ஏழும் ஆயிற்று. யாரும் வந்து விரலைப் பிடிக்கவில்லை.

"எங்கட்டி போனா அவரு பொண்டாட்டி?"

"தெரியல அக்கா. யாரும் வரல. தனியாக் கெடக்காவ. கொதிக்கி."

"தனியாவா?" என்றாள் ரெஜினா. என்றவள், மரியாதை கிரியாதை எல்லாம் மறந்து, எட்டி அமலோற்பவத்தின் மோதிர விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், எங்கேயோ கிடந்த அந்த விரலின் அடிப்பு மெல்லத் தணிந்தது. அப்போதுதான், இங்கிருந்தும் அங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் பாய்மரத் தெரு மாடிப்படியில் வரிசையில் நின்றது. ரெஜினா பிடித்தாள், ரெஜினாவின் மருமகள் பிடித்தாள், உபதேசியார் கண்ணை மூடிப் பிடித்தார், வடக்கயிறு பிடித்துப் பிடித்து ரம்பம் போலாகிவிட்ட கைகளால் தஸ்நேவிஸ் அண்ணன் பூவைப் பிடிப்பது போலப் பிடித்தார், மீன் வெட்டுகிறவள் கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து பிடித்தாள், கல்யாணத் தரகர் லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஆளுக்கு நூறு எண்ணும் வரை பிடித்தார்கள், தெருமுனை இஸ்திரிக்காரர் சூடான உள்ளங்கையால் பிடித்துவிட்டு இது ஏற்கனவே சுடுகிற ஆளுக்குச் சரிவராது என்று தண்ணீரில் நனைத்து மறுபடி பிடித்தார். அமலோற்பவம் நாற்காலியில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்து, "ஒண்ணும் ஆவாது," "நாங்க இருக்கோம்," "தைரியமா இருங்க," என்றார்கள். அம்மாவின் கையை மருத்துவமனையில் கடைசியாகப் பிடித்ததற்கு அப்புறம் அவள் கை வேறு கைக்குள் இருந்ததில்லை. தனக்கு இல்லை என்று தெரிந்தும் அவளுடைய உடம்பு அதை வாங்கிக்கொண்டது. அவளுக்குக் கண் நிறைந்தபோது, அவருக்காக அழுகிறாள் என்று சொல்லி ரெஜினாவும் அழுதாள்.

நான்காம் நாள் பகல் பதினொரு மணிக்கு, மோதிரத்தில் மெல்லிய அதிர்வு ஒன்று வந்தது, ரம்பம் அறுப்பது போல. அப்புறம் ஒன்றுமில்லை. சூடில்லை, துணியில்லை, அடிப்பில்லை. அது வெறும் மோதிரமாகிவிட்டது.

தெரு முறைப்படி எல்லாம் செய்தது. கறுப்புக் கொடி கட்டினார்கள். பெயருக்குப் பதில் 'கப்பல்காரர்' என்று எழுதி ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைத்தார்கள். முப்பதாம் நாள் சோறு ஆக்கி, தஸ்நேவிஸ் அண்ணன் அவருடைய நல்ல குணங்களைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார். முப்பத்தொன்றாம் நாளிலிருந்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் நின்றுபோனது. மோதிரம் அறுந்ததா, ஆள் போனாரா என்று அமலோற்பவத்துக்கு மட்டும் ஒரு நமைச்சல் இருந்தது. கேட்க ஆளில்லை. கண்ணாடி அறையில் பத்து மணியானால் விரலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுத்த லாரியை ஏறச் சொல்லி மணி அடிப்பாள்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மாதா கோயிலில் விசாரித்துக்கொண்டு பாய்மரத் தெருவுக்கு வந்தார். பேர் சீனிராஜ், சாத்தூர், பஸ் கண்டக்டர் என்றார். கையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற காகித உறை ஒன்று இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து அமலோற்பவத்தின் உள்ளங்கையில் வைத்தார். அறுத்து விரித்த மோதிரம். வரிகள் அவளுடைய மோதிரத்தின் வரிகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

"இது எங்க அக்காவுதுங்க," என்றார். "வெயிலாட்சி. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமைக்குது. திருவிழா பாக்க வந்தப்ப இங்க வாங்குச்சு. மோதிரத்தோட குடுத்த அட்டையில பெண்கள் சங்கம்னு போட்டுருந்துச்சு, அதை வச்சுத்தான் தேடி வந்தேன்."

ரெஜினாவும் தஸ்நேவிஸும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"சமைக்குதுன்னா…" என்றாள் அமலோற்பவம். "இருக்காங்களா?"

"இருக்குங்க. சர்க்கரை வியாதி. கத்தி பட்டது பெருசாப் போச்சு. வீக்கத்துல மோதிரத்தை அறுக்க வேண்டியதாப் போச்சு, அப்புறம் அந்த விரலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆசுபத்திரிலருந்து வந்து இப்பத்தான் எழுந்து நடமாடுது. நடமாட ஆரம்பிச்ச நாள்லருந்து ஒரே நச்சரிப்பு. போய்ச் சொல்லுடா, அந்தப் பிள்ளை நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்னு."

"அந்தப் பிள்ளையா?"

"உங்களத்தான். எங்களுக்கு முதல்ல கிறுக்குன்னு தோணுச்சுங்க. இந்தா சுத்தியல் புடிக்குது பாரு, இந்தா முள்ளங்கி துருவுது பாருன்னு விரலைக் காட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் ஐப்பசி மாசம் ஒருநாள் சொல்லுச்சு, இந்தப் பிள்ளை கைய இத்தன நாள்ல ஒருத்தர்கூடத் தொடலடா சீனி, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்னு. அன்னிக்கிருந்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும், இடது கையால தன் மோதிர விரலைத் தானே பொத்திப் புடிச்சுக்கிட்டு உக்காரும். கேட்டா, அந்தப் பிள்ளைக்காகப் புடிக்கேன்னு சொல்லும். நடுவுல ஒன்பது நாள் ஒண்ணுமே தெரியலன்னு சோறு தண்ணி இல்லாமக் கெடந்துச்சு. ஆசுபத்திரியில இடது கையில டிரிப்ஸ் ஏத்தவும் புடிக்க முடியாமப் போச்சு, அதுக்கு ஒரு அழுகை."

அமலோற்பவம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்டோபரின் அத்தனை மாலைகளும், தான் பொறாமைப்பட்ட அந்தப் பெண்டாட்டியின் கையும், வெண்காரம் டப்பாவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

தஸ்நேவிஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார். "தம்பி, நீங்க சொல்லுறது வேற ஆளு. நம்மாளு கப்பல்காரரு. முத்து எடுக்கிறவரு."

"முட்டைங்க," என்றார் சீனிராஜ் பணிவாக. "திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் தினம் நூத்துமுப்பது முட்டை உரிக்கணும்."

தஸ்நேவிஸ் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். செய்தி தெருவில் இரண்டு மணி நேரம் சுற்றியது. ஒரு வீடும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பூசை வைத்தாயிற்று, சோறு போட்டாயிற்று, அழுதாயிற்று. ரெஜினா மட்டும் ஒரு டம்ளர் காப்பியோடு வந்து, சீனிராஜுக்குக் கொடுத்துவிட்டு அமலோற்பவத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த அக்காளுக்கு நல்ல சொகம் கெடைக்கட்டும்," என்றாள். "ஆனா நம்மாளு செத்துப் போயிட்டாவ, அமலா. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத." அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும் பாய்மரத் தெரு கப்பல்காரருக்குப் பூசை வைக்கத் தவறியதில்லை.

அமலோற்பவம் அறுந்த மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத ஒட்டலாம்," என்றாள். "ஆனா ஒட்டுற எடத்துல வரி தொடராது. முன்ன மாதிரி இருக்காது. வேற விரலுக்கு வேணா…"

"அக்கா இத ஒட்டிக்கிட்டு வரச் சொல்லலைங்க," என்றார் சீனிராஜ். "உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுச்சு."

அவள் அன்றைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்றாவது ஞாயிறு, பூசைக்குக் கட்டிய சேலையோடு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கரிசல் காடுகளையும் தீப்பெட்டிக் கம்பெனிகளையும் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

சாத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓடு வேய்ந்த சின்ன வீடு. கட்டிலில் ஒரு பருத்த பெண் உட்கார்ந்திருந்தாள். அறுபதை நெருங்கும் வயது, எண்ணெய் வழிய வாரிய தலை, வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே மற்றவர் முகம் எதிர்பார்த்தது போல இல்லை.

"பஸ்ல எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"வெள்ளரிக்கா சாப்பிடுறியா? எங்க ஊர்ல நல்லாருக்கும்."

"வேண்டாம்க்கா. இருக்கட்டும்."

வெயிலாட்சி தம்பியைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அவர் உள்ளே போனதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா தாயி?"

"யாருக்கு?"

"உனக்குத்தான். நான் ஆசுபத்திரியில கெடந்தப்ப மூணு நாளா ஊரே உன் கையப் புடிச்சுக் குடுத்துச்சே. சின்னக் கை, பெரிய கை, முரட்டுக் கை. அம்புட்டுப் பேரு. சரி, பிள்ளைக்கு நல்ல காலம் வந்துருச்சு, இனி நான் போனாலும் பரவாயில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

அமலோற்பவத்துக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை.

"கல்யாணம் இல்லக்கா," என்றாள். "உங்களுக்காகத்தான் புடிச்சாவ. நீங்க தனியாக் கெடக்கியன்னு."

வெளியே ஒரு பஸ் பின்வாங்கும் சத்தமும், கண்டக்டர் ஒருவர் விசில் ஊதுவதும் கேட்டன. வெயிலாட்சியின் முகத்தில் முதலில் சிரிப்பு வரப் பார்த்தது, பிறகு அது வேறு ஏதோவாகி, உதடு கோணியது.

"எனக்கா?" என்றாள். "அம்புட்டுப் பேருமா?"

"ஆமாம்க்கா."

"அப்ப உன்ன?"

வெயிலாட்சி சேலைத் தலைப்பை விலக்கி வலது கையை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். மோதிர விரல் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. அமலோற்பவம் அதைப் பார்த்தாள். அந்தக் கையில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு விரல்தான். அது பத்து மணிக்கு நனைவதும், களைத்துப்போவதும், நடுங்குவதும் தெரியும். மற்ற நான்கையும் அவள் ஒருநாளும் அறிந்ததில்லை.

முதலில் சுண்டுவிரலைப் பிடித்தாள்.